பதிமூன்றாவது பாட்டுக்கு எழுந்து போகிறவள்

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கல்யாணமாகி இருபத்தொரு வருடம் ஆகிறது. இதுவரை எங்களுக்குள் பெரிய சண்டை என்று வந்தது ஒரே விஷயத்தில்தான். 'ஒன்பதாம் மாடி' குழுவின் ஆல்பங்களில் எது நல்ல ஆல்பம் என்பதில்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரோடு ஒத்து வாழ்கிற மனிதர். முதல் மூன்று ஆல்பத்தோடு அந்தக் குழுவின் கதை முடிந்தது என்பது அவர் கட்சி. 'எரியட்டும்' என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அது எங்கே கேட்டாலும் கையில் ஸ்பேனரோடு தலையை ஆட்டுவார். உலகமே அதற்குத்தான் ஆட்டுகிறது. ஆட்டட்டும், யார் வேண்டாம் என்றது?

என்னுடையது ஐந்தாவது. 'வாடகை வீடு'. அந்த ஆல்பத்துக்கு நேரமே சரியில்லை. டிரம்மர் மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு குழுவாக இருந்தால் ஒத்திப் போட்டிருப்பார்கள். இவர்கள் ஒரு பழைய சூட்கேசைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தாளம் தட்டி, கட்டிய தொண்டையோடு அடிக்குரலில் ஒன்பது பாட்டுப் பாடி வெளியிட்டார்கள். ஒரு கழுதையும் வாங்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வருடம், கடையில் தள்ளுபடிக் கூடையின் அடியில் கிடந்ததை நான் எடுத்து வந்தேன். அதில் நாலாவதாக வரும் 'மூன்றாவது ஜன்னல்' என்ற பாட்டை முதல்முறை கேட்டபோது, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் உள்ளறையில் வேலை பார்க்கிறேன். லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி வெட்டி, ஓரம் தேய்த்து மாட்டுவது என் வேலை. மெஷின் ஓடும்போது பக்கத்தில் மெல்ல அந்த ஆல்பமும் ஓடும். கடை முன்பக்கத்தில் நிற்கிற பெண் ஒருநாள் தலையை நீட்டி, "அக்கா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். அன்று அவளோடு நான் தேநீர் குடிக்கப் போகவில்லை.

வீட்டுக்காரர் இன்னும் மோசம். "சூட்கேஸ் கச்சேரி ஆரம்பிச்சாச்சா? எந்த ஊருக்குப் பயணம்?" என்பார் சமையலறை வாசலில் நின்றுகொண்டு. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பேன் நான். சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவர் சிரிப்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

பாடகரே ஒரு பேட்டியில், "அந்த ஆல்பம் நாங்க செஞ்ச தப்பு" என்று சொன்னார். அதைப் படித்த அன்று எனக்கு வயிறெரிந்தது. பெற்றவரே பிள்ளையைத் தெருவில் விட்டால் வளர்த்தவள் என்ன செய்வாள்? நாலு முறை அவர்கள் கச்சேரிக்குப் போயிருக்கிறேன். நாலு முறையும் 'வாடகை வீடு' ஆல்பத்திலிருந்து ஒரு வரிகூடப் பாடவில்லை. இந்த வருடம் கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவித்துவிட்டார்கள். 'மூன்றாவது ஜன்னல்' பாட்டை ஒரே ஒரு முறை அவர் வாயால் நேரில் கேட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று இருந்தேன்.

கச்சேரி மதியம் மூன்று மணிக்கு. பாடகருக்கு எழுபது நெருங்குகிறது, சீக்கிரம் படுக்க வேண்டுமாம். எல்லா ஊரிலும் ஒரே வரிசையில்தான் பாடுகிறார்கள் என்று இணையத்தில் பார்த்து வைத்திருந்தேன். பதிமூன்றாவது 'எரியட்டும்'. நடுவில் கூட்டத்தைப் பாடவிட்டு, கிடாரை இழு இழு என்று இழுத்து, பதினெட்டு நிமிடம். 'மூன்றாவது ஜன்னல்' எந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லை. தெரிந்தும் ஆசை விடுகிறதா?

இங்கே என் கொள்கையைச் சொல்லிவிடுகிறேன். ஓடாத ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்தால் போதும், கூட்டம் மொத்தமாக எழுந்து கழிவறைக்குப் போகும். முதல் கச்சேரியிலேயே அதைப் பார்த்தேன். பாவம், நாலாவது ஆல்பத்துப் பாட்டு ஒன்று. காலியான நாற்காலிகளைப் பார்த்துப் பாடினார் மனிதர். அன்றே முடிவு செய்தேன். இவர்கள் அந்தப் பாட்டுக்கு எழுந்து போகிறார்களா, நான் இவர்கள் பாட்டுக்கு எழுந்து போகிறேன். நாலு கச்சேரியிலும் 'எரியட்டும்' ஆரம்பித்ததும் எழுந்துவிடுவேன். வரிசையும் குறைவாக இருக்கும்.

இந்த முறையும் கிடார் முதல் இழுப்பு இழுத்ததும் கைப்பையை எடுத்தேன். அரங்கமே கத்தியது. வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்தார்.

"இந்த ஒரு தடவை என்கூட நில்லேன். கடைசிக் கச்சேரிம்மா."

"கொள்கைன்னா கொள்கைதாங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். நாலு படி ஏறித் திரும்பிப் பார்த்தால், அவ்வளவு கூட்டத்தில் அவர் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. மனசுக்கு என்னவோ போலத்தான் இருந்தது. ஆனாலும் போனேன். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி.

பெண்கள் கழிவறையில் எனக்கு முன்னால் ஆறு பேர். சுவர் அதிர அங்கே பாட்டு ஓடிக்கொண்டிருக்க, ஆறு பேரும் ரேஷன் வரிசையில் நிற்பதுபோல் அலட்டிக்கொள்ளாமல் நின்றார்கள். எனக்கு முன்னால் பஸ் டிரைவர் சீருடைச் சட்டை போட்ட ஓர் அம்மா.

"என்னம்மா, பெரிய பாட்டு ஓடுது, விட்டுட்டு வந்துட்டீங்க?" என்றேன் சும்மா.

"அதைக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு" என்றார் அவர். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நான் நாலாவது" என்றார்.

பிடித்த ஆல்பத்தின் எண்ணைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அதற்குள் முன்னால் நின்ற ஒல்லியான பெண் திரும்பி, "நான் ஆறு" என்றாள். கண்ணாடி முன் நின்றவள் "ஆறு" என்றாள். இன்னொருத்தி "நாலும் பிடிக்கும், ஏழும் பிடிக்கும்" என்றாள்.

"நான் அஞ்சு" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

வரிசையே திரும்பிப் பார்த்தது. "அஞ்சா!" என்றார் டிரைவரம்மா. "நாங்கதான் கிறுக்குன்னு நினைச்சேன், நீ எங்களுக்கு மேலே இருக்கியே தாயே!" எல்லோரும் சிரித்தார்கள். வரிசையின் முதலில் நின்ற நரைத்த தலை மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் கையை உயர்த்தி, "நானும் அஞ்சுதான்" என்றது. எனக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்போது வெளியே கிடார் நின்றது. 'எரியட்டும்' பாட்டில் எங்கேயும் கிடார் நிற்காது. கூட்டம் ஓய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், டொக். டொக் டொக்.

ஏழு பேரும் வாயைத் திறந்தபடி நின்றோம். மைக்கில் யார் தட்டினாலும் டிரம்மில் யார் தட்டினாலும் அந்தச் சத்தம் வராது. அது சூட்கேஸ். பதினெட்டு நிமிடப் பாட்டின் நடுவில் என் பாட்டைச் செருகியிருக்கிறார்கள். அதுவும் நான் எழுந்து போன பாட்டின் நடுவில்! கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் காத்திருந்து, கடைசியில் கொள்கை பேசிக் கோட்டைவிட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

வாசலில் யாரோ ஓடிவரும் சத்தம். "இந்தாம்மா! ஜன்னல் வந்துடுச்சு! ஜன்னல்!"

"ஐயா, இது லேடீஸ்! கண்ணு தெரியலையா?" என்று வாசலில் இருந்த துப்புரவுக்காரம்மா துடைப்பத்தை நீட்டினார். துடைப்பத்துக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க நின்றிருந்தார். தன் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, நாற்பது படி ஏறி ஓடிவந்திருக்கிறார்.

"'இது யாருக்கும் பிடிக்காத பாட்டு, கொஞ்சம் பொறுத்துக்கங்க'ன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சாரு. சீக்கிரம் வா!"

நான் ஓடினேன். பின்னாலேயே ஆறு பேரும் ஓடிவந்தார்கள். எதிரே அரங்கத்துக் கூட்டம் முழுக்கக் கழிவறைக்கு வந்துகொண்டிருந்தது. டிரைவரம்மா முன்னால் போய், "வழி விடுங்க, வழி விடுங்க" என்று பஸ் ஓட்டுவதுபோலவே எங்களை ஓட்டிக்கொண்டு போனார். இருக்கை வரைக்கும் போக நேரமில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு தூணோரம் ஒண்டிக்கொண்டோம். மேடை தெரியவில்லை. திரையில் மட்டும் பழுப்பு சூட்கேசும் அதைத் தட்டுகிற சுருங்கிய கைகளும் தெரிந்தன.

இரண்டாவது சரணம் முடியப் போகிறது. அன்றைக்குத் தொண்டை கட்டியதால் வந்த குரல் இன்றைக்கு வயதால் அப்படியே வந்திருந்தது. அடிக்குரல், கொஞ்சம் கரகரப்பு. ரெக்கார்டில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, துடைக்கவில்லை.

ரெக்கார்டில் மூன்றாவது சரணத்துக்கு முன்னால் பாடகர் ஒருமுறை இருமுவார். ஏன் அதை வெட்டாமல் விட்டார்களோ தெரியாது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் பாட்டில் ஒரு சொல்தான். மேடையில் அவர் இருமவில்லை, மூச்சு மட்டும் இழுத்தார். ஆனால் தூணோரத்தில், சரியாக அந்த இடத்தில், நான் இருமினேன். நரைத்த தலை இருமியது. ஆறாவது ஆல்பத்துப் பெண்கள் இருமினார்கள், டிரைவரம்மா இருமினார்.

என் தோளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரலும் இருமியது.

திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். மூன்றாவது சரணம் அவர் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொல் பிசகவில்லை.

"எப்பங்க இதை மனப்பாடம் பண்ணீங்க?"

"யாரு மனப்பாடம் பண்ணது?" என்றார் கண்ணைத் திறக்காமல். "இருபத்தொரு வருஷமா நம்ம வீட்ல வேற என்ன ஓடிச்சு?"

இத்தனை வருடம் வாசலில் நின்று கேலி செய்த மனிதர், நின்றது கேலிக்காக மட்டும் இல்லை போலிருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அரங்கில் அங்கங்கே ஏழெட்டுப் பேர் கைதட்டியதோடு பாட்டு முடிந்தது. நாங்கள் மட்டும் கை சிவக்கத் தட்டினோம்.

உடனே கிடார் பழையபடி 'எரியட்டும்' பாட்டுக்குத் திரும்பியது. அரங்கம் மறுபடி கத்தியது. டிரைவரம்மா முகத்தைச் சுளித்து, "சரி, வாங்கடி வரிசைக்கு" என்று திரும்பினார். எனக்கும் அவசரம்தான், பொய் சொல்வானேன்.

"நீ வரலியா தாயே?"

"நீங்க போங்க" என்றேன்.

வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு படியிறங்கி எங்கள் இடத்துக்குப் போனேன். மிச்சமிருந்த ஒன்பது நிமிடமும் அவர் பக்கத்திலேயே நின்று, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத அந்தப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடினேன்.