சம்பந்தி இருக்கணுமா, போகணுமா

தலைவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சுவரைப் பார்த்து வண்டியை விடுகிறவர்களிடமும், கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்புகிறவர்களிடமும், பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா, ஒண்ணும் அவசரமில்ல" என்று குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பதறுவதெல்லாம் வலது கால்தான். தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகிய அந்தக் கால், வீட்டில் மனைவி சத்தம் போட்டாலும் தரையை ஒரு மிதி மிதிக்கும்.

இப்படி ஒரு சாதுவைக் கால்பந்து ரசிகர் சங்கத்துக்குத் தலைவராகப் போட்டது யார் வேலை என்று இன்றுவரை தெரியவில்லை. அது கொடி பிடித்துக் கூச்சல் போடுவதோடு நிற்கிற சங்கமும் இல்லை. கிளப்பே சங்கத்தின் சொத்து. கோச்சை வைப்பதும் சங்கம், நீக்குவதும் சங்கம். அந்த சீசனில் கிளப் தோற்காத ஆட்டம் ஒன்றே ஒன்று. அதுவும் மழை கொட்டிப் பாதியில் நின்றுபோனது. அட்டவணையில் கடைசி இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இதற்குக் கீழே வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூட்டம் போட்டார்கள். கோச் இருக்கணுமா, போகணுமா?

தலைவருக்குத் தர்மசங்கடம் எங்கே என்றால், கோச் அவருடைய சம்பந்தி. கோச்சின் ஒரே பெண்ணைத்தான் போன வருடம் தலைவரின் மகன் கட்டினான். மகன் கப்பலில் வேலை பார்க்கிறவன். கட்டிய கையோடு கடலுக்குப் போய்விட்டான். கோச் மனைவியை இழந்தவர், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். சாயங்காலமானால் சம்பந்திகள் இருவரும் சேர்ந்து நடக்கப் போவார்கள். பேச்சு அதிகம் இருக்காது. ஒருவர் இருமினால் மற்றவர் நின்று காத்திருப்பார், அவ்வளவுதான். தலைவருக்கு ஊர் நிறையத் தெரிந்தவர்கள். சிநேகிதர் என்று சொல்லிக்கொள்ள இவர் ஒருவர்தான். நீக்கினால் இவர் ஊரில் இருக்கப் போவதில்லை. எங்கோ தொலைவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீக்காவிட்டால் கிளப் லீக்கை விட்டே போய்விடும். சம்பந்தியா, கிளப்பா என்று யோசித்து யோசித்துத் தலைவருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே அதைவிட மோசம். மனைவியும் மருமகளும் ஆளுக்கொரு கட்சி. அதிலும் தலைகீழ்க் கட்சி.

"எங்கப்பா போகணும்" என்றாள் மருமகள், காலையில் தட்டுகளை எடுத்து வைத்தபடி. அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் வேளாவேளைக்கு இத்தனை என்று கறாராகச் சொல்லித்தான் பழக்கம்.

"பெத்த அப்பாவப் பேசற பேச்சா இது?" என்றாள் மாமியார். "பொண்ணக் குடுத்த மனுஷன். அவரப் போய் வேலைய விட்டுத் தூக்கினா நாளைக்கு நாலு பேர் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"அத்தை, கிளப் முழுகிட்டு இருக்கு. எங்கப்பா பெஞ்சுல கைய இடுக்கிக்கிட்டு பொம்ம மாதிரி உக்காந்திருக்காரு. ஒரு வார்த்த வாயத் திறக்கறதில்ல. அவர அப்படிப் பாக்க எனக்கே பத்திக்கிட்டு வருது."

"அமைதியா இருக்கறது ஒரு குத்தமா? உங்க மாமாவும்தான் அமைதியா இருக்காரு. நான் தூக்கிப் போட்டுட்டேனா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மேசைக்கு அடியில் தலைவரின் கால் பிரேக்கைத் தேடியது.

அந்தச் சங்கத்தில் ஓட்டெடுக்கிற முறையே தனி. சீட்டும் கிடையாது, கையைத் தூக்குவதும் கிடையாது. உறுப்பினர்கள் எல்லாரும் மைதானத்துக்குள் இறங்குவார்கள். ஆமாம் என்கிறவர்கள் ஒரு கோல் போஸ்டுக்கும், இல்லை என்கிறவர்கள் எதிர் போஸ்டுக்கும் நடந்து போய் நிற்க வேண்டும். தலைவர் மட்டும் நடுவட்டத்தில் நிற்பார். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் அவரும் ஒரு பக்கம் நடந்தாக வேண்டும். மற்ற நாளில் அந்தப் புல்லில் யாராவது காலை வைத்தால் மைதானக் காவலாளி தோலை உரித்துவிடுவார். அதனாலேயே ஓட்டெடுப்பு என்றால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிடுவார்கள். சிலர் கால்பந்து ஷூவே போட்டுக்கொண்டு வருவார்கள்.

அன்றும் வந்தார்கள், நடந்தார்கள், நின்றார்கள். 'இருக்கணும்' போஸ்டில் தலைவரின் மனைவியும் பேக்கரிக்காரரும் முன்னால் நின்றார்கள். 'போகணும்' போஸ்டில் மருமகள், பல் டாக்டர், அப்புறம் புள்ளிவிவரம். புள்ளிவிவரம் என்பவர் வங்கி குமாஸ்தா. எந்த ஆட்டத்தில் எத்தனை கார்னர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர்தான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி எண்ணிவிட்டு வந்து மூச்சு வாங்கச் சொன்னார்.

"தலைவரே, சமம்."

"நல்லா எண்ணினீங்களா?"

"ரெண்டு தடவ எண்ணிட்டேன். இனிமே நீங்கதான்."

மைதானமே தலைவரைப் பார்த்தது. ஓரத்தில் பெஞ்சில், தன் தலையெழுத்தைத் தெரிந்துகொள்ள வந்திருந்த கோச் மட்டும் பார்க்கவில்லை. கையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தார். இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் சிநேகிதர் போய்விடுவார். அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் கிளப் போய்விடும். சத்தியமாக அவருக்கு எந்தப் பக்கமும் கால் எழவில்லை.

பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறவனுக்கு மூளை மின்னல் வேகத்தில் ஓடும். தலைவருக்கும் ஓடியது.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார். "ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. ரெண்டு பக்கமும் போஸ்ட் இருக்கு. ஒரு ஆட்டம் ஆடிடுங்க. யார் ஜெயிக்கறாங்களோ அவங்க சொல்றதுதான் முடிவு. நான் விசில் ஊதறேன்."

வேறு எந்தச் சங்கமாக இருந்தாலும் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். இங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. வாழ்க்கை முழுக்க வேலிக்கு வெளியே நின்று அந்தப் புல்லைப் பார்த்து ஏங்கியவர்கள். பேக்கரிக்காரர் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டார். பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் பையில் வைத்தார். அதன் பிறகு அவருக்குப் பந்தும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. தலைவரின் மனைவி கைப்பையைக் கோல் வலையில் மாட்டிவிட்டுக் கோல்கீப்பராக நின்றுகொண்டாள். காவலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் ஆரம்பமானது. அதை ஆட்டம் என்று சொன்னால் கால்பந்துக்கு அவமானம். 'போகணும்' அணி மொத்தமும், கோல்கீப்பர் உட்பட, பந்துக்குப் பின்னால் கும்பலாக ஓடியது. பந்து வலப்பக்கம் போனால் கும்பல் வலப்பக்கம், இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம். யாரோ அடித்த பந்து பேக்கரிக்காரரின் தொப்பையில் மோதி, அங்கிருந்து காலியாகக் கிடந்த கோலுக்குள் போனது. தொப்பை அடித்த கோல் செல்லுமா என்று தகராறு வந்தது. செல்லும் என்று தலைவர் விசில் ஊதினார். இரண்டாவது கோலும் அதே தொப்பைதான்.

புள்ளிவிவரத்துக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது. எதிரே கோலில் தலைவரின் மனைவி மட்டும்தான். அவர் ஓங்கி அடிக்க, பந்து அவள் முழங்காலில் பட்டுத் திரும்பியது.

"பிரமாதமா பிடிச்சீங்க" என்று கத்தினார் பேக்கரிக்காரர்.

"நான் எங்க பிடிச்சேன்? அதுவா வந்து இடிச்சிடுச்சு."

அப்போதுதான் பெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ஏன்யா, எல்லாரும் பந்து பின்னாடி ஏன் ஓடறீங்க? பந்து என்ன இலவசமாவா குடுக்கறாங்க? விரிஞ்சு நில்லுங்க!"

மைதானம் அப்படியே நின்றது. கோச் எழுந்து கோட்டுக்கு வந்துவிட்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"புள்ளிவிவரம், எண்ணாத, ஓடு. டாக்டர், எதிராளி வாயப் பாக்காதீங்க, காலப் பாருங்க. கண்ணாடியப் போடுங்க முதல்ல. ஏய் பொண்ணே, நீ நடுவுல நில்லு. பந்து உன்னத் தேடி வரும். தேடிப் போகாத."

"சம்பந்தி" என்று கோலிலிருந்து தலைவரின் மனைவி குரல் கொடுத்தாள். "நீங்க யாருக்குச் சொல்லிக் குடுக்கறீங்கன்னு தெரியுதா? அவங்க ஜெயிச்சா உங்களுக்கு வேல போயிடும்."

"தெரியுதுங்க" என்றார் கோச் பணிவாக. "ஆனா இத எப்படிங்க பாத்துக்கிட்டு சும்மா இருக்கறது?" திரும்பி மறுபடி கத்தினார். "டிஃபென்ஸ், எங்க பராக்குப் பாக்கறீங்க?"

அதன் பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் தலைவரே நம்பியிருக்க மாட்டார். கும்பல் பிரிந்தது. ஆளுக்கொரு இடம் கிடைத்தது. கண்ணாடி போட்ட பல் டாக்டர், பேக்கரிக்காரர் காலிலிருந்து வலிக்காமல் பந்தைப் பிடுங்கினார். புள்ளிவிவரம் ஒன்றையும் எண்ணாமல் ஓடி ஒரு கோல் போட்டார். போட்டுவிட்டுத் தன் காலையே குனிந்து பார்த்தார். அடுத்ததையும் போட்டார். கடைசி நிமிடத்தில், நடுவில் நின்ற மருமகளைத் தேடிப் பந்து வந்தது. அவள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். மாமியாரும் பார்த்தாள். மருமகள் அடித்தாள். வலை ஆடியதில் கைப்பை கீழே விழுந்தது.

"நல்லாத்தான் அடிச்ச" என்றாள் மாமியார், கைப்பையிலிருந்து சிதறிய சில்லறையைப் பொறுக்கியபடி. "வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

மூன்றுக்கு இரண்டு. ஒரு வருடமாக வெற்றியைக் கண்ணால் பார்க்காத ஜனம் அது. தலைகால் புரியாமல் குதித்தார்கள். கோச்சைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். பாதிச் சுற்றில் புள்ளிவிவரத்துக்கு ஒரு நினைவு வந்தது.

"இருங்க, இருங்க. நாம ஜெயிச்சா இவர் போகணும் இல்ல?"

தோளில் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். கோச் மேலேயே இருந்தார்.

"இவரா? இவர எதுக்கு அனுப்பறது?" என்றார் பல் டாக்டர். "இப்படி ஒரு கோச்ச எங்க தேடறது?"

"அதெல்லாம் முடியாது" என்று வந்தார் பேக்கரிக்காரர். "நாங்க இவருக்காக உசுரக் குடுத்து ஆடறோம், இவர் எதிராளிக்குச் சொல்லிக் குடுக்கறாரு. இவர் போகணும்."

"நானும் அதத்தான் சொல்றேன்" என்றாள் தலைவரின் மனைவி. "மரியாதைக்கும் ஒரு அளவு இருக்கு."

கோச்சைக் கோட்டருகே இறக்கிவிட்டு மறுபடி ஓட்டு. அந்தப் பக்கத்தவர்கள் இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்தவர்கள் அந்தப் பக்கமும் நடந்தார்கள். நடுவட்டத்தில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே கடந்து போனார்கள். புள்ளிவிவரம் எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"சமம், தலைவரே."

தலைவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் சம்பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியர்த்து, தொண்டை கட்டி, முடி கலைந்து நின்ற அந்த மனிதரின் முகம் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. பெண்ணின் கல்யாணத்தில்கூட இந்த முகத்தை இவர் பார்த்ததில்லை. அது ஏன் என்பது சட்டென்று உறைத்தபோது தலைவருக்குக் காது வரை சுட்டது.

"சம்பந்தி" என்றார். "கல்யாணம் முடிஞ்சு வந்த முதல் ஆட்டத்துல நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். நீங்க கத்தறது கேலரி வரைக்கும் கேக்குது, இப்ப நாம உறவாயிட்டோம், கொஞ்சம் நிதானமா இருக்கலாமேன்னு."

"ஆமாங்க."

"அதுக்காகவா இத்தன நாளும் வாயத் திறக்காம உக்காந்திருந்தீங்க?"

கோச் புல்லைப் பார்த்தார். "பொண்ணக் குடுத்த இடம். நீங்க ஒண்ணு சொல்லி நான் மீறலாமாங்க?"

இரண்டு போஸ்டிலும் எல்லாருக்கும் அது கேட்டது.

"மாமா" என்றாள் மருமகள்.

"இது எனக்குத் தெரியாம எப்ப நடந்தது?" என்றாள் எதிர்க் கோடியிலிருந்து மனைவி.

"அப்ப மாத்த வேண்டியது கோச்ச இல்ல" என்றார் பேக்கரிக்காரர். "தலைவர."

மைதானம் சிரிப்பில் அதிர்ந்தது. தலைவரும் சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பினால் மட்டும் வந்ததில்லை.

"அத அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம்" என்றார். "இன்னிக்கு இத முடிக்கறேன். சம்பந்தி, நீங்க எங்கயும் போகக் கூடாது. போனா எனக்கு நடக்கத் துணை இல்ல. இருந்தா கத்தணும். பையன்களப் பாத்துக் கத்துங்க, எங்களப் பாத்துக் கத்துங்க. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டு 'இருக்கணும்' போஸ்டைப் பார்த்து, நெரிசலான தெருவில் முதல் கியரில் போகிற வண்டியாக, நிதானமாக நடக்க ஆரம்பித்தார். பத்தடி போயிருப்பார்.

"என்ன நடை அது?"

தலைவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மாப்பிள்ளையோட அப்பான்னு பாக்கறேன், அதுக்காக இப்படியா? ஊர்வலமா போறீங்க? ஓடுங்க சம்பந்தி. முட்டியத் தூக்குங்க. கைய வீசுங்க. ஓடுங்க!"

பிறந்ததிலிருந்து எதற்கும் அவசரப்படாத மனிதர் ஓடினார். சட்டை பேண்ட்டிலிருந்து வெளியே வந்தது, ஒரு செருப்பு பாதி வழியில் கழன்று நின்றுவிட்டது. மருமகள் கைதட்டினாள். எதிர்க் கோடியிலிருந்து மனைவி, "விழுந்து தொலைக்காதீங்க" என்று கத்தினாள். இழுக்க இழுக்க மூச்சு போதவில்லை, அப்படியும் சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. போஸ்டைத் தொட்டு, இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுமார்தான்" என்றது கோட்டிலிருந்து கட்டிப்போன குரல். "திரும்பி வாங்க. இன்னொரு தடவ."

தலைவர் மற்ற செருப்பையும் உதறிவிட்டுத் திரும்ப ஓடினார்.