சத்தம் மட்டும் வந்தது

அம்மாவின் கருமாதிச் சாப்பாடு முடிந்து, வாசல் பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஐயாசாமி மாமாவுக்கு அந்த ஆசை வந்தது. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். மாலை போட்ட படத்தில் அம்மா விறைப்பாக, யாரோ முறைக்கச் சொன்ன மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு ஆறவில்லை.

"வசந்தா, ஒன் கல்யாண வீடியோ இருக்கும்ல? அதப் போடுடா. அக்கா நடக்கிறத, பேசுறத ஒரு தடவ பாத்துட்டு ஊருக்கு, பொந்தியானுக்குக் கெளம்புறேன்."

என் தம்பி வசந்தனுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. சாமி மேடைக்குக் கீழே இருந்த அலமாரியில் பாதி உடம்பை நுழைத்து, கற்பூர டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து பழைய டிவிடி பிளேயரை இழுத்து எடுத்தான். டிவியோ புதுசு, சுவரில் மாட்டியது, ஒரு கதவளவு அகலம். பிளேயரின் மூன்று வயர்களையும் அதன் முதுகில் எங்கேயோ செருகிவிட்டு ரிமோட்டை அழுத்தினான். சிக்னல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் மிதந்தது. டிஸ்கை வெளியே எடுத்து ஊதினான், சட்டையில் துடைத்தான், மறுபடியும் போட்டான். ஊதினால் உலகத்தில் எல்லாமே சரியாகிவிடும் என்று நம்புகிறவன் அவன். பெட்டி பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் அவன் என்னைப் பார்த்தான்.

"அக்கா, கொஞ்சம் பாரு லா."

இந்தக் குடும்பத்தில் வயர் வேலை என்றால் நான்தான். என் புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்ட பிறகு, பல்ப், குழாய், ஃபியூஸ் என்று வீட்டில் எது போனாலும் நானே பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டேன். சொந்தக்காரர்களும் பழகிவிட்டார்கள். யாருடைய வீட்டிலாவது மின்விசிறி சுற்றவில்லை என்றால் யோகேஸ்வரியைக் கூப்பிடு. நல்ல காரியத்துக்கு ஆகாத கை, ரிப்பேருக்கு மட்டும் ஆகும்.

வயிற்றெரிச்சல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வயிற்றெரிச்சல்தான். தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மீதியை அவனோடு பிறந்தவள் போடுவாள். அது நாத்தனாருடைய உரிமை. வசந்தனுக்கு நான் ஒரே அக்கா. அவன் கல்யாணத்தன்று விடியும் முன்னே தலைக்குக் குளித்து, நீலப் பட்டுக் கட்டி, மணவறைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். கெட்டிமேளம் கொட்டியபோது மேலே ஏறி முடிச்சுப் போட்டவள் எங்கள் சித்தப்பா மகள் ஷர்மினி. அம்மாதான் என்னை மண்டபத்துச் சமையற்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் அழுதாள். "நான் என்னம்மா பண்ணுவேன்? பொண்ணு ஒரே பிடிவாதமா நிக்கிது. புருஷன் விட்டுட்டுப் போனவ கை தாலியில படக்கூடாதாம்."

பொண்ணு என்றால் மணப்பெண், வசந்தன் பெண்டாட்டி ஷாமளா. அந்த நிமிஷத்திலிருந்து அவள் எனக்கு எதிரி. அவள் மகன் இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான், என் கோபம் மட்டும் வயசாகாமல் அப்படியே இருந்தது. அவள் குழம்பில் உப்புச் சரியாக இருக்கும் நாளிலும் நான் எழுந்துபோய் உப்பு எடுத்துவருவேன், எல்லாரும் பார்க்கும்படி. பையனுக்குக் காது குத்தக் கூப்பிட வந்தவளை வாசலிலேயே நிற்கவைத்து, நான் ஆகாதவளாச்சே, எனக்கெதற்கு வெற்றிலை பாக்கு என்று கேட்டு அனுப்பினேன். எங்கள் ஊர் யோங் பெங் கோயிலில் அவள் கதையை நான் சொல்லாத ஆளில்லை. அவள் திருப்பி ஒரு வார்த்தை பேசியதில்லை. தப்புப் பண்ணியவள் எந்த வாயால் பேசுவாள் என்று நானும் இன்னும் ஒரு பிடி கூட்டியே வைத்தேன்.

பிளேயரின் முன்னால் குந்தினேன். அந்த டிஸ்க் தேறாது. பையன் சின்ன வயசில் அதைத் தரையில் உருட்டி விளையாடியிருக்கிறான், முதுகு முழுக்கக் கீறல். டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே அட்டைக்குப் பின்னால் இன்னொரு டிஸ்க் இருந்தது. வெட்டாதது, முழு நீளம் என்று வீடியோக்காரர் மார்க்கரில் எழுதியிருந்தார். பாட்டும் பூ மழையும் சேர்த்த முதல் டிஸ்கைத்தான் நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இதை யாரும் போட்டதே இல்லை.

அதைத் தட்டில் வைக்கும்போது சமையலறையிலிருந்து ஷாமளா வந்தாள். ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"அண்ணி, அது வேணாம். அதுல பாட்டு ஒண்ணும் இல்ல. போரடிக்கும்."

என்னோடு அவளாக வந்து பேசி எத்தனையோ காலமாகிறது, இன்றைக்கு என்ன அவசரம்? சட்டென்று எனக்கு விளங்கியது. வீடியோக்காரர் அன்றைக்கு மணவறையை விட்டு இறங்கவே இல்லை. பொண்ணின் மூக்குக்கு நேரே கேமராவை வைத்துக்கொண்டு நின்றார். பாட்டுப் போட்டு மூடாத டிஸ்க் இது. அவள் சொன்னது இதில் இருக்கிறது. என் சொந்தம் மொத்தமும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா செத்த துக்கத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு சந்தோஷம் கிளம்பியது, பொய் சொல்வானேன். தட்டை உள்ளே தள்ளினேன்.

பிளேயர் உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. நாதஸ்வரம் கேட்டது. படம் இல்லை.

"சத்தம் மட்டும் வருது," என்றார் மாமா.

நான் சுவரோடு ஒட்டி நின்று, டிவியின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். விஷயம் சின்னது. வெள்ளை வயரும் சிவப்பு வயரும் சத்தத்துக்கு, அவை சரியாகத்தான் இருந்தன. படத்துக்கான மஞ்சள் வயரை வசந்தன் நீல ஓட்டையில் செருகியிருந்தான். இந்த மாதிரிப் புது டிவியில் மஞ்சளுக்குத் தனி ஓட்டை கிடையாது, பச்சையில்தான் போடவேண்டும். மஞ்சளை உருவினேன். பச்சையில் மாட்டினால் வேலை முடிந்தது.

மாட்டவில்லை. கூடத்தைக் கவனித்தேன். படம் வந்திருந்தால் ஒருத்தரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். யார் ஒல்லியாக இருந்தார்கள், யார் கழுத்தில் கிடக்கிற சங்கிலி யாருடையது என்று கூச்சல் போட்டிருப்பார்கள். பார்க்க ஒன்றும் இல்லாததால் எல்லாரும் கறுப்புத் திரையைப் பார்த்தபடி வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீடியோவில் எங்கோ தட்டு விழுந்தது. "பந்தி எப்படா போடுவாங்க?" என்று மாமாவின் குரலே கேட்டதும் கூடம் சிரித்தது. மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, படம்?" என்றான் வசந்தன்.

"இரு, ஓட்டை எதுன்னு தேடுறேன்," என்றேன். மஞ்சள் வயரின் தலை என் உள்ளங்கையில் இருந்தது.

நாதஸ்வரம் நின்றது. ஐயரின் குரல் வந்தது. "மாப்பிள்ளையோட பொறந்தவங்க யாரும்மா? முடிச்சுப் போட மேல வரச் சொல்லுங்க."

நான் ஷாமளாவைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்திருந்தாள். நல்லா குனி, என்று மனசுக்குள் சொன்னேன்.

"அத்தே, அண்ணி கீழதான் நிக்கிறாங்க. கூப்பிடுங்க." அது ஷாமளாவின் குரல். இளசாக, பயந்த மாதிரி இருந்தது.

"அவ வேணாம்மா." அது அம்மா.

"அவங்கதானே அத்தே போடணும்? பாவம், காலையிலேருந்து நிக்கிறாங்க."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. வாழாவெட்டி கையி பட்டா வெளங்குமா? என் மவன் நல்லா இருக்கணும். ஷர்மினிய வரச் சொல்லு. யோகேஸ்வரி வந்து கேட்டா, பொண்ணுதான் வேணான்னு சொல்லிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தெறக்காத."

பிறகு கெட்டிமேளம். மாமா அம்மாவின் படத்தைப் பார்த்தார், பிறகு அவசரமாகத் தன் கையைப் பார்த்துக்கொண்டார். வசந்தன் பிளேயரை நிறுத்த எழுந்தான்.

"போதும் லா அக்கா. அடச்சிரலாம்."

ஷாமளா அவனை முந்திக்கொண்டாள். சோபாக் கையில் கிடந்த ரிமோட்டை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு அடைக்கணும்? நான் வேணான்னு சொன்னேன். அண்ணிதான் ஆசப்பட்டுப் போட்டாங்க. முழுசா கேக்கட்டும்."

பின்னுக்கு ஓட்டினாள். அம்மா மறுபடியும் சொன்னாள். அவ வேணாம்மா. வாழாவெட்டி கையி பட்டா வெளங்குமா. இந்தத் தடவை எனக்கு அம்மாவின் மூச்சுக்கூடக் கேட்டது. அந்தக் குரலில் அழுகை இல்லை, தயக்கம் இல்லை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் சொத்தையைத் தள்ளிவைக்கிற மாதிரி இருந்தது.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா?" அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அத்த படுத்த படுக்கையா கெடந்தாங்கள்ல, அந்த முன் ரூம்புல. நீங்க வருவீங்க, அவங்க கால அமுக்கிவிட்டுக்கிட்டே என்னைத் திட்டுவீங்க. நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். அவங்க கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பாங்க. தூங்க மாட்டாங்க அண்ணி. எனக்குத் தெரியும். இன்னைக்காச்சும் சொல்லுவாங்க, இன்னைக்காச்சும் சொல்லுவாங்கன்னு பாத்தேன். நீங்க போனதும் கண்ணத் தெறந்து, என்கிட்ட தண்ணி கேப்பாங்க."

அவள் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கோபம் என்னிடம் நிறைய இருந்தது, அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்தது, ஒரு துளிகூடக் குறையவில்லை. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. அம்மாவின் படத்துக்கு முன்னால் இலையில் படையல் இருந்தது. நெத்திலி சம்பலும் சுறாப் புட்டும் அவளுக்குப் பிடிக்கும் என்று காலையில் நானே நின்று சமைத்தது. எழுந்துபோய் அந்த இலையை மடித்து நாய்க்குப் போடவேண்டும் போல இருந்தது. செத்தவளை என்ன செய்துவிட முடியும்? திட்டினால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

"மாட்டுங்க அண்ணி," என்றாள் ஷாமளா.

"என்ன?"

"கையில வச்சிருக்கீங்களே, அந்த மஞ்ச வயரு. மாட்டுங்க. ஓட்டை எதுன்னு ஒங்களுக்கா தெரியாது? சொல்லும்போது அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு பாக்க வேணாமா?"

நான் வேண்டுமென்றே மாட்டாமல் வைத்திருந்தது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வசந்தன் "ஷாமளா" என்றான், அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. கிளம்ப எழுந்த ஒன்றிரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள். நானும் பார்க்கத்தான் விரும்பினேன். அந்த முகத்தை அவர்கள் எல்லாரும் பார்க்கவேண்டும், ஐயாசாமி மாமா முக்கியமாகப் பார்க்கவேண்டும். டிவியின் முதுகில் கையை விட்டேன். வயர் இரண்டு முறை நழுவியது. பச்சை ஓட்டையில் அழுத்தியதும் கூடத்துச் சுவர் முழுக்க நிறம் வந்தது.

ஷாமளா மறுபடி பின்னுக்கு ஓட்டிச் சத்தத்தைக் கூட்டினாள்.

நான் டிவிக்குப் பக்கவாட்டிலிருந்து வெளியே வந்து பார்த்தேன். மணவறையில் அம்மா நின்றாள். சந்தன நிறப் பட்டு, கனகாம்பரம், கையில் தாலித் தட்டு. குனிந்து ஷாமளாவின் காதோரம் பேசினாள், பேசிக்கொண்டே சபையைப் பார்த்துச் சிரித்து ஒருத்தருக்குத் தலையாட்டினாள். அந்த முகத்தில் தேடிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. என் கண் அதை விட்டுக் கீழே இறங்கியது. திரையின் மூலையில், பூச்சரத்துக்கு அடியில், நீலப் பட்டு கட்டிய ஒருத்தி நின்றாள். ஐயர் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டுவிட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டாள். முதல் படியில் ஒரு காலை வைத்து, அம்மாவை அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.