ஆறு டெராபைட் ஓநாய்கள்

நாற்பத்தொரு மணி நேரம் ஆகும் என்று கணினி சொன்னது. நோரீனுக்கு விமானம் நாலே முக்காலுக்கு. மூன்று மணிக்கு அவர் என் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அப்போது காலை ஒன்பது இருபது. கணக்கில் நான் என்றைக்குமே சுமார்தான், ஆனாலும் இது உதைக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

நோரீன் ஸ்டெங் மூன்று குளிர்காலம் வடக்குக் காட்டில் பனியில் படுத்துக்கிடந்து ஓநாய்களைப் படம் பிடித்தவர். வயது அறுபத்திரண்டு. பிடித்ததெல்லாம் சோப்புக்கட்டி அளவு டிரைவ் ஒன்றில் இருந்தது, ஆறு டெராபைட். அன்று எங்கள் ஊர் டுலூத்திலிருந்து சிகாகோ, அங்கிருந்து அலாஸ்கா என்று கரடி பிடிக்கப் போகிறார், கேமராவால்தான், ஐந்து வாரம். போகிற வழியில் டிரைவை என்னிடம் கொண்டுவந்திருந்தார். கிளம்புவதற்குள் நான் நகல் எடுத்துவிட்டால் எடிட்டிங் எனக்கு. முடியாவிட்டால் சிகாகோவில் ஒரு பெரிய ஸ்டூடியோ, விமான நிலையத்துக்கே ஆள் அனுப்பி டிரைவை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. இதை அவர் போனிலேயே பட்டென்று சொல்லிவிட்டார், ஒளிவுமறைவு கிடையாது.

எனக்கு அந்த வேலை வேண்டும். உள்ளூர் டிவியில் பதினான்கு வருடம் செய்திகளை எடிட் செய்தேன். ஆட்குறைப்பில் என் மேசையையும் என்னையும் ஒரே நாளில் தூக்கினார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதத்தில் வந்த வேலைகள் இரண்டு: ஒரு பள்ளி ஹாக்கிக் குழுவின் பிரிவு உபசார விழா, ஒரு பல் டாக்டரின் விளம்பரம். நாற்பத்தாறு வயதில் யாரிடம் போய் நான் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டிருப்பது? ஓநாய்கள் எனக்காகச் சொல்லும் என்று நம்பியிருந்தேன்.

"என்ன மார்னி, முகம் ஒரு மாதிரி போகுது?" என்றார் நோரீன். என் நாய் பட்ஜின் தலை அவர் மடியில் இருந்தது. ஓநாய்க்காரி வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்ற பயம் அதற்குக் கொஞ்சமும் இல்லை.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் மெதுவா ஓடுது. சரி பண்ணிடறேன்."

இந்தக் கணினியை நானே பாகம் பாகமாக வாங்கிக் கட்டினேன். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதன் முகப்பில் இருக்கிற யூஎஸ்பி சி போர்ட் நொடிக்கு ஆயிரம் மெகாபைட் அள்ள வேண்டியது, நாற்பதைத்தான் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கமும் ஒரு சி போர்ட் இருந்தது. போன ஜனவரியில் பட்ஜ் கேபிளில் இடறி அதை உடைத்துவிட்டது. டிரைவின் கேபிளோ அதோடு ஒட்டிப் பிறந்தது, வேறு கேபிள் மாற்ற முடியாது.

கணினியை நிறுத்திப் போட்டேன். டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினேன். கணினியை எழுப்புகிற அடிப்படை மென்பொருளான பயாஸைக்கூடப் புதுப்பித்தேன், அந்த ஐந்து நிமிடம் மின்சாரம் போய்விடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாற்பது. இழுப்பறையில் கிடந்த ஒரு அடாப்டரை மாட்டி, பின்பக்கத்தில் இருந்த பழைய மாதிரி அகல யூஎஸ்பி போர்ட்டில் செருகினேன். அதிலும் நாற்பது. அது போன் சார்ஜ் போட மட்டுமே லாயக்கான அடாப்டர் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. இரண்டு போர்ட்டிலும் ஒரே வேகம் என்றால் கோளாறு என் பக்கம் இல்லை என்று மனசு தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டது.

"நோரீன், உங்க டிரைவ்லதான் ஏதோ கோளாறு. பனியில கிடந்து கெட்டுப்போயிருக்கும்" என்றேன்.

அவர் தன் லேப்டாப்பைத் திறந்து, டிரைவை மாட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். ஆயிரத்து இருபது.

"பனிக்கு அது பழகிடுச்சும்மா. உன் வீட்டுக் கதகதப்புதான் ஒத்துக்கலை போல."

காது மடல்வரை சுட்டது. அவர் லேப்டாப்பில் ஆறு டெராபைட்டுக்கு இடமில்லை. லேப்டாப்பையும் என் கணினியையும் நெட்வொர்க் கேபிளால் இணைத்து அனுப்பலாம் என்றால் பதினைந்து மணி நேரம். மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. என் திமிர் இறங்க அதுவே போதுமாக இருந்தது. மின்னசோட்டாவில் சொந்தமாகக் கணினி கட்டுகிறவர்களின் இணையக் குழுவில் விஷயத்தை எழுதி, மூன்று மணிக்குள் வழி சொல்லுங்கள் என்று கேட்டேன்.

இந்தக் குழுவில் உதவி கேட்பதும் அடி வாங்குவதும் ஒன்றுதான். "பயாஸ் அப்டேட் பண்ணியா?" என்று நாலு பேர், பண்ணிவிட்டேன் என்று நான் எழுதியிருந்ததற்கு அடியிலேயே கேட்டார்கள். "விண்டோஸை அழிச்சுட்டு மறுபடி போடு" என்றார் ஒருவர். அவர் மூக்கடைப்புக்கும் அதையே சொல்வார். "புது மதர்போர்டு வாங்கிடு, இது சாக்கு" என்றார் இன்னொருவர். பிறகு ஹிப்பிங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற க்ளென் வந்தார். நேரில் பார்த்ததில்லை. அவர் யாரையும் பாராட்டி ஒரு வார்த்தை எழுதி நான் படித்ததில்லை.

"பிளக்கைப் பிடுங்கு. தலைகீழாத் திருப்பி மாட்டு" என்று எழுதினார்.

"சி போர்ட்டுல ஏதுங்க தலைகீழ்? எப்படி மாட்டினாலும் ஒண்ணுதானே?"

"வெளிய ஒண்ணு. உள்ள ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கம்பி. ஒரு பக்கம் செத்திருந்தா இன்னொரு பக்கம் உசுரோட இருக்கும். வாயாடாம திருப்பு தாயே."

திருப்பினேன். தொள்ளாயிரத்து எழுபது.

நான் போட்ட கூச்சலில் பட்ஜ் எழுந்து குரைத்தது. நோரீன் கை தட்டினார். எட்டு நிமிடம் நாங்கள் மூவரும் ராஜ வாழ்க்கை வாழ்ந்தோம். ஒன்பதாவது நிமிடம் டிங் என்று ஒரு சத்தம், டிரைவ் திரையிலிருந்தே காணாமல் போனது. மறுபடி மாட்டினால் இரண்டு நிமிடம் ஓடி மறுபடி டிங்.

"உன் கேபினெட்டோட பின்பக்கப் படம் போடு" என்றார் க்ளென்.

கணினியின் ஒரு பக்கம் கண்ணாடி, எல்லோரும் பார்ப்பதற்கு. மறு பக்கம் தகடு, எல்லாக் கேபிளையும் கொண்டுபோய் அதன் பின்னால்தான் ஒளித்துவைப்போம். எங்கள் ஆட்கள் அந்தத் தகட்டையும் கழற்றிப் படமெடுத்துப் பீற்றிக்கொள்வார்கள். யாரும் பார்க்காத இடத்திலும் எங்களுக்கு ஒழுங்கு வேண்டும், அதை நாலு பேர் பார்க்கவும் வேண்டும். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு கேபிளையும் நேர்கோட்டில் மடித்து, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தேன். தகட்டைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பினேன்.

"முகப்புக்குப் போற அந்தத் தடிக் கேபிளை ஏன் கழுத்தை நெரிச்சு வச்சிருக்கே? அதென்ன கேபிளா, ஊருக்கு அனுப்பற பார்சலா? அது மடங்கக் கூடாது. எல்லா டையையும் வெட்டு."

"எல்லாத்தையுமா?"

"அழகு வேணுமா, ஓநாய் வேணுமா?"

கத்தரியை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் தரையில் படுத்தேன். ஒவ்வொரு டையாக வெட்டினேன். பதினேழு. கேபிள்கள் சரிந்து வெளியே வந்தன. சி போர்ட்டின் கேபிள் சரியாக மூலையில் மடங்கியிருந்தது. டை இறுக்கிய இடத்தில் அதன் தோலில் பள்ளமே விழுந்திருந்தது. அந்த இழுப்பில் அதன் முனையும் மதர்போர்டிலிருந்து அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. கோளாறு பாகம் செய்த கம்பெனியிலும் இல்லை, டிரைவிலும் இல்லை, பனியிலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே என் கையால் செய்தது.

தரையில் கிடந்தபடியே சொன்னேன். "நோரீன், உங்க டிரைவைத் திட்டினேனே, மன்னிச்சுக்கோங்க. தப்பு என்னோடது. அழகா இருக்கணும்னு கேபிளை நசுக்கி வச்சிருக்கேன். முட்டாள். வடிகட்டின முட்டாள்."

அவர் போனை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. பிறகு, "உன் ஃபிரிட்ஜ்ல இருக்கற உருளைக்கிழங்கு ஹாட்டிஷை நான் சூடு பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"தாராளமா."

கேபிளை நிமிர்த்தினேன். முனையை அழுத்தி, டக்கென்று சத்தம் வரும்வரை உட்காரவைத்தேன். நசுங்கிய பக்கம் பிழைக்கவில்லை. பிளக்கை ஒரு பக்கமாக மாட்டினால் நாற்பது, திருப்பி மாட்டினால் ஆயிரம். எனக்கு ஒரு பக்கம் போதும். பிளக் அசையாமல் இருக்க ஒட்டுநாடாவை மூன்று சுற்றுச் சுற்றினேன். பன்னிரண்டரைக்கு நகல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. குடல் வெளியே தொங்குகிற கணினியைச் சுற்றி நாங்கள் பூனை போல அடிமேல் அடி வைத்து நடந்தோம். பட்ஜைக் கழிவறையில் போட்டுப் பூட்டினேன். க்ளெனுக்கு நன்றி என்று எழுதினேன், மறுபடி எழுதினேன், மூன்றாவது தடவையும் எழுதினேன். "வண்டி ஓட்டப் போறேன், பிள்ளைங்க காத்திருக்கும்" என்று மட்டும் பதில் வந்தது. பிள்ளைகள் பன்னிரண்டரைக்கு எங்கே காத்திருக்கும்? நன்றி கேட்டுப் பழகாத மனுஷர். அன்றைக்கு அவர் என் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தினார். அதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

இரண்டு இருபதுக்கு நகல் முடிந்தது. நோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"முடிஞ்சுதா? அப்ப டிரைவைக் கழட்டு."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நகல் எடுத்ததோடு வேலை முடியாது. மூலத்தையும் நகலையும் ஒவ்வொரு ஃபைலாகக் கணினியே ஒப்பிட வேண்டும். அது முடிகிறவரை மூலத்தைக் கையை விட்டு அனுப்பக் கூடாது. ஒப்பிடுகிற நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று திரையில் நின்றது. மூன்று மணிக்கு அவர் போயாக வேண்டும்.

ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் எல்லாம் சரியாகவே வந்திருக்கும். ஆனால் அந்தக் கேபிள் காலையில் இரண்டு முறை உயிரை விட்ட கேபிள். அதன் வழியாக வந்ததை நான் நம்பவில்லை. ஐந்து வாரம் கழித்து அவர் வந்து நிற்கும்போது பாதி ஓநாய் உடைந்த ஃபைலாக இருந்தால்? வேலை கைக்கு வந்து, கையை விட்டுப் போவது எனக்கே தெரிந்தது.

"நோரீன், இன்னும் ஒப்பிட்டுப் பாக்கலை. அதுக்கு நாலு மணி தாண்டிடும். பாக்காம நான் இந்த வேலையை எடுத்துக்க மாட்டேன்" என்றேன். "டிரைவை சிகாகோக்காரங்களுக்கே குடுத்துடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்.

"சும்மா கழட்டச் சொன்னேன், குடுக்கறியான்னு பாக்க. ஒப்பிடற பட்டனை அமுக்கு."

"ஃப்ளைட்?"

"நாளைக்கு மாத்திட்டேன். சிகாகோவுக்கும் போன் போட்டு வேணாம்னுட்டேன்."

"எப்போ?"

"நீ மேசைக்கு அடியில குப்புற விழுந்து உன்னையே திட்டிட்டிருந்தியே, அப்போ. முப்பது வருஷமா எடிட்டருங்களோட குப்பை கொட்டறேன் மார்னி. எல்லாரும் என் டிரைவைத்தான் திட்டுவாங்க, நீயும் திட்டினே. ஆனா மன்னிச்சுக்கோன்னு கேட்டவங்க இதுவரைக்கும் யாருமில்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு மணி நேரமா உசுரு போச்சு எனக்கு!"

"சொல்ல வந்தேன். வாய் நிறைய ஹாட்டிஷ் இருந்துச்சு. அப்புறம் நீ ஓடற ஓட்டத்தைப் பாத்தா, இதுவும் நல்லாத்தான் இருக்குன்னு தோணிடுச்சு."

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்தது. ஆட்குறைப்புக் கடிதம் வாங்கிய அன்றுகூட அழாதவள் நான். அழுகையோடேயே நன்றி என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, கழிவறைக் கதவைத் திறந்து பட்ஜை வெளியே விட்டார்.

நாலேகாலுக்கு ஒப்பீடு முடிந்தது. ஒரு ஃபைல்கூடப் பிசகவில்லை. டிரைவைக் கழற்றி இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமலே பையில் போட்டு, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல் குளிர்காலத்துலேருந்து போடு" என்றார். "அந்தக் கிழட்டு ஆண் ஓநாயை நீ இன்னும் பாக்கலை."