இழுப்பில்லாத வட்டம்

"மைனஸைப் பிளஸ் ஆக்கினா முடிஞ்சிது. இதுக்குப் போயி ரெண்டு நாளா சோறு துன்னாம கீற?"

"மாத்திட்டேண்ணா. மாத்தினதும் ஒண்ணுமே மிச்சமில்ல," என்றாள் ஜெபா.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சென்னை லோக்கல் இன்னும் கிளம்பவில்லை. அண்ணன் எட்வர்ட் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து நேராக அவளை ஏற்றிவிட வந்திருந்தான். மோட்டார் ரோட்டரைச் சுழலவிட்டு, கனம் கூடிய பக்கத்தில் துளையிட்டுச் சமன் செய்வது அவன் வேலை. அதனால் தங்கையின் ஆராய்ச்சியில் பாதி தனக்குப் புரியும் என்று நம்பினான்.

ஜெபா ஆறு வருடமாகச் சுழலும் கருந்துளை ஒன்றைக் காகிதத்தில் வைத்திருந்தாள். அது சுழலும்போது சுற்றியுள்ள வெளியையும் தன்னோடு இழுக்கும். அதைச் சுற்றி, அதே அச்சில், அதே திசையில் ஒரு வளையத்தையும் சுழலவிட்டால், நடுவே ஒரு வட்டத்தில் அந்த இழுப்பு இல்லாமல் போகும் என்பது அவள் கண்டுபிடிப்பு. அங்கே ஒரு தூசியைக்கூட யாரும் சுற்றச் சொல்ல மாட்டார்கள்.

ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் கடைசியாகப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. கருந்துளையின் சமன்பாட்டை ஒரு கட்டுரையிலிருந்தும் வளையத்தினுடையதை இன்னொன்றிலிருந்தும் எடுத்திருந்தாள். இரண்டாமவர் கோணத்தை எதிர்த்திசையில் எண்ணியிருந்தார். வளையத்தை நீக்கிவிட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாக வரும்; அவளும் வழிகாட்டி சாரும் அப்படித்தான் சோதித்தார்கள். குறியைத் திருத்தினால் இரண்டு இழுப்பும் கூடிக்கொண்டன; அந்த வட்டமே இல்லை. வளையம் எதிர்த்திசையில் சுற்றினால் இழுப்பு அடங்கும்தான், ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஆய்வேட்டைக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது.

"எங்க லைன்லயும் தப்பான பக்கம் ஓட்டை போட்டா ரோட்டரே ஸ்கிராப்புதான்," என்றான் எட்வர்ட். சொன்ன பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வழிகாட்டி வெங்கடேசன் சார் போனில் வந்தார். முந்தின நாளே அவள் எல்லாவற்றையும் மெயிலில் எழுதியிருந்தாள். அவர் திட்டவில்லை. தேர்வாளர்கள் யாரும் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கப் போவதில்லை, இருப்பதை அப்படியே கொடுத்துவிடு, பட்டம் வந்தபின் திருத்திக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன் என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வண்டி ஊதியது. எட்வர்ட் பையை உள்ளே வைத்தான்.

"அந்த வளைய அத்தியாயத்தையே எடுத்துட்டேன் சார்," என்றாள் ஜெபா போனில். " மீதி நாப்பது பக்கம்தான் இருக்கு. அதுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"