முப்பத்தொன்றாம் கேள்வி

என் வகுப்பில் யாரும் பத்தியை முழுதாகப் படிக்கக் கூடாது. ஆங்கிலத் தாளின் வாசிப்புப் பகுதியில் நான்கு பத்திகள், இருபத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து வரை பதினைந்து கேள்விகள், முப்பத்தைந்து நிமிடம். இதில் உட்கார்ந்து ரசித்துப் படிக்க இது என்ன டீக்கடையா? முதலில் கேள்வியைப் படி. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு. அந்த வரியையும், முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரியையும் பார். விடையைக் குறித்துவிட்டு நகர். பத்தொன்பது வருடமாக இதைத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் இதற்கும் ஒருபடி மேலே போய், எங்கள் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் நாலு விடைகளின் நீளத்தைப் பார்த்தே குறிக்க எல்லோரும் முணுமுணுக்கும் பாட்டையும் வைத்திருந்தார்கள். மூணு நீளம் ஒண்ணு குட்டைன்னா குட்டையை எடு, மூணு குட்டை ஒண்ணு நீளம்னா நீளத்தை எடு, ஒண்ணுமே புரியலைன்னா சி போடு. நான் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ஃபான் யிலான் ஒருத்திதான் எனக்கு அடங்காதவள். பதினாறு வயது. மலைக்கு மேலே உள்ள ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தாள். பத்தியை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிப்பாள், அதுவும் உதடு அசைய. மணி அடிக்கும்போது அவள் தாளில் எப்போதும் நாலைந்து கேள்விகள் வெறுமையாக இருக்கும். எழுதியதில் ஒன்றும் தப்பாது, ஆனால் எழுதாததற்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? "ஏம்மா, மெதுவா, நல்லா மெதுவா! அடுத்த வருஷப் பரீட்சைக்குள்ளயாவது முடிச்சிரு" என்று எத்தனையோ தடவை வகுப்பு சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். இப்போது நினைத்தால் என் வாயை நானே கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

பதினோராம் வகுப்பில் தொள்ளாயிரம் பேர். மாதத் தேர்வில் முதல் ஐம்பது பேருக்குத்தான் நான் பாடம் எடுக்கும் ஒன்றாம் பிரிவு. அக்டோபர் தேர்வின் பட்டியலைச் சிவப்புத் தாளில் ஒட்டியபோது யிலான் ஐம்பத்தொன்று. ஐம்பதாவதாக வந்த கோங் ட்ஸேவுக்கும் அவளுக்கும் இரண்டே மதிப்பெண் வித்தியாசம். சின்ஜியாங்கில் கட்டட வேலை செய்யும் அவளுடைய அப்பா, வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: ஒன்றாம் பிரிவில் இருந்தால் பல்கலைக்கழகம் வரை படிக்கலாம், இல்லாவிட்டால் வசந்த விழாப் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் நர்ஸிங் பள்ளி. சொன்ன சொல் மாறாத மனிதர் என்று ஊரில் பெயர்.

மறுநாள் மதியத் தூக்க நேரம், எல்லா ஆசிரியர்களையும் போல நானும் மேஜைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுக் கண்ணை மூடியிருந்தேன். யிலான் தாளோடு வந்து நின்றாள்.

"டீச்சர், முப்பத்தொண்ணாவது கேள்வி. விடை சி-ன்னு போட்டிருக்கீங்க. அது பி."

"எந்திரிச்சதும் பேசலாம். போய்த் தூங்கு."

"அந்த பஸ் டிரைவர் கதை, டீச்சர்."

"தெரியும்டி. அந்தத் தாளை எடுத்ததே நான்தான். டிரைவரே அவர் வாயால சொல்றாரு, எஞ்சின் சூடாகணும்னு. அதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும்?"

அவள் போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் மாதிரி கேட்டாள்.

"டீச்சர், நீங்க கடைசி வரி படிச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பத்தியைக் கேள்வி வங்கியிலிருந்து எடுத்தேன், விடையும் கூடவே வந்தது. சரிபார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சரிபார்த்தேன்? டிரைவர் ஏன் 'மூன்று நிமிடம்' நிற்கிறார் என்று கேள்வி, பத்தியில் 'மூன்று நிமிட'த்தைத் தேடினேன், முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி. எஞ்சின். சி. நகர்ந்துவிட்டேன். என் மருந்தை நானே குடித்திருந்தேன்.

"வச்சுட்டுப் போ" என்றேன்.

அவள் போனபிறகு கட்டிலில் உட்கார்ந்தபடியே படித்தேன். முந்நூற்றிருபது சொற்கள். வடக்கே எங்கோ ஒரு குளிர் ஊர். காலையில் பாலத்து நிறுத்தத்தில் ஒரு டிரைவர் தினமும் மூன்று நிமிடம் பேருந்தை நிறுத்தி வைக்கிறார். ஏறியவர்கள் முணுமுணுக்கிறார்கள். "கிழட்டு எஞ்சின், சூடாகணும்" என்கிறார் அவர். நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: ஊன்றுகோலோடு ஒரு பள்ளிக்கூடப் பெண் எப்போதும் கடைசியாகச் சரிவில் ஏறி வருகிறாள். பிறகு பனி, சாலை, மற்றவர்களின் அவசரம். கடைசியில் அந்தப் பெண் படிப்பை முடித்து நகரத்துக்குப் போய்விடுகிறாள். கடைசி வரி இது: மறுநாளிலிருந்து, எவ்வளவு பனி பெய்தாலும், அந்த எஞ்சின் பாலத்தில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

பத்தொன்பது வருடத்தில் எத்தனை பத்திகளை இப்படிக் கொன்றேனோ!

அன்று சாயங்காலம் ஆங்கில ஆசிரியர்கள் ஒன்பது பேரின் கூட்டம். பதினோராம் வகுப்புகளுக்குப் பொறுப்பான பாவோ சாரும் வந்திருந்தார். கணக்கு வாத்தியார், ஆங்கிலம் இருபத்தாறு எழுத்தோடு சரி. நான் எழுந்து, முப்பத்தொன்றாம் கேள்விக்கு விடை தவறு, பட்டியலை மாற்ற வேண்டும் என்றேன்.

"தோங் டீச்சர், என்ன விளையாடுறீங்களா?" என்றார் பாவோ. "பட்டியல் ஒட்டியாச்சு. பெத்தவங்க போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பியாச்சு. இப்ப மாத்தினா நம்ம மூஞ்சியக் கொண்டு போய் எங்க வைக்கிறது?"

"அசிங்கப்படுறது என் மூஞ்சிதான் சார். நான் பத்திய முழுசாப் படிக்கல. எல்லாரும் குறிச்சுக்குங்க."

பக்கத்து இருக்கை ரென், என்னைவிடப் பத்து வயது சின்னவள், என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, சும்மா இருங்க. என் வகுப்புல எல்லாருமே சி தான் போட்டிருக்காங்க. பத்தியிலயே எஞ்சின்னு எழுதியிருக்கே, அது எப்படித் தப்பாகும்?"

"எழுதியிருக்கு. ஆனா அவர் சொன்னது உண்மை இல்ல."

"அப்படின்னு பத்தியில எந்த வரியில இருக்கு? காட்டுங்க பாப்போம்."

ஒரே வரியில் இல்லைதான். அதுதான் அந்தக் கதையே. ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒன்பது பட்டதாரிகள்! கடைசியில் பாவோ மேஜையைத் தட்டினார்.

"நிறுத்துங்கம்மா! அதுல என்னதான் இருக்கு? இங்கிலீஷ் வேணாம். நம்ம பேச்சுல, வீட்டுல சொல்ற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். பாலம், மூன்று நிமிடம், கிழட்டு எஞ்சின், சரிவில் ஊன்றுகோல், கடைசி வரி. பாவோ தன் தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்தவர் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சினாவது மண்ணாங்கட்டியாவது!" என்றார். "அந்தப் பொண்ணுக்காக நிக்கிறான்யா அவன். நேராச் சொன்னா அதுக்குக் கூச்சமா இருக்கும்னு எஞ்சின் மேல பழியப் போடுறான். இது புரியறதுக்கு ஒன்பது பேரு வேணுமா?"

சொல்லி முடித்த பிறகுதான், பட்டியலை மாற்றச் சொல்லித் தானே தீர்ப்பு எழுதிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. மூடியைப் போட்டு இறுக்கி மூடினார்.

"பழைய பட்டியலைக் கிழிங்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

தொள்ளாயிரம் பேரில் பி போட்டவர்கள் முப்பத்தெட்டே பேர். புதிய பட்டியலில் யிலான் நாற்பத்தொன்பது. சி போட்டிருந்த கோங் ட்ஸே ஐம்பத்திரண்டு. அவன் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் பிரிவுக்குப் போனபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய அம்மா வந்து அரைமணி நேரம் திட்டினாள். தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன், தவறு என்னுடையதுதானே.

யிலான் நன்றி சொல்ல வந்தாள். "நன்றி எல்லாம் இருக்கட்டும், அடுத்த தடவை நேரத்துக்குள்ள முடி. நவம்பர்ல உனக்காக இன்னொரு விடைய மாத்த முடியாது" என்று விரட்டிவிட்டேன். சொன்னேனே ஒழிய, எப்படி முடிப்பாள் என்று எனக்கே தெரியவில்லை. வேகமாகப் படிக்கச் சொல்லலாம், பாதியில் நிறுத்தச் சொல்ல இனிமேல் எனக்கு வாய் வராது.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பிலேயே வாரப் பயிற்சி. பட்டியலில் சேராது, நானே வைத்து நானே திருத்துவது. மணி அடித்தது. எல்லோரும் பேனாவை வைத்துவிட்டார்கள். யிலான் மட்டும் குனிந்திருந்தாள், அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் இருப்பது முதல் வரிசை ஜன்னலோரம். பத்தொன்பது வருடமாக நான் தாள் வாங்க ஆரம்பிப்பது அங்கிருந்துதான்.

கதவோரக் கடைசி வரிசைக்கு நடந்தேன். ஒவ்வொரு தாளாக வாங்கி, ஓரம் தட்டி, அடுக்கினேன். நடுவில் ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன ஆச்சு டீச்சர்?" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். "சாப்பாட்டுக்கூடத்துல நூடுல்ஸ் தீர்ந்துடும்."

"மூட்டு வலிடா. குளிர் வந்தாலே இப்படித்தான். கொஞ்சம் பொறு."

பாவம் டீச்சர் என்று இரண்டு பேர் என்னைத் தாங்க எழுந்தே விட்டார்கள். யிலான் கடைசி விடையைக் குறித்துவிட்டு நிமிர்ந்தாள். என் முழங்காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தொன்பது பேர் நம்பிய வலியை அவள் ஒருத்தி மட்டும் நம்பவில்லை.