சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் பீங்கான் கிண்ணத்துத் தண்ணீர் முழுக்க வற்றியபின் சித்ரலேகா அமிலம் விட்டாள், பிறகு அம்மோனியா. மங்கலான மஞ்சள் வந்தால் பயமில்லை. இது மஞ்சள் கிழங்கை உரசியதுபோல் வந்தது. லிட்டருக்குத் தொண்ணூற்றிரண்டு மில்லிகிராம் நைட்ரேட். நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஆற்றிலேயே ஐம்பதுக்கு மேல் இருந்தது. இது அவள் வீட்டுக் கிணறு. ஆற்று மாதிரிகளோடு யாரிடமும் சொல்லாமல் கொண்டுவந்தது.

கார் பருவத்தில் மழை ஏய்த்துவிட்டது. பயிர் வெளுத்ததைப் பார்த்து மாமனார் அம்மையப்பன் யூரியாவை இரண்டாம் தடவையும் அள்ளி வீசினார். காய்ந்த மண் அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஐப்பசியில் ஒரே வாரம் கொட்டிய மழை வயலைக் கழுவிக் கிணற்றிலும் வாய்க்காலிலும் சேர்த்தது. வாய்க்கால் ஆற்றில் சேர்த்தது.

அவள் கிண்ணத்தையே பார்த்தாள். தண்ணீர்தான் போகும், நைட்ரேட் தங்கிவிடும். தினமும் இதைத்தானே செய்கிறாள்? பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார் கோமுவிடம், “மழைத் தண்ணி கலங்கிருக்கு, பாதியாச் சுண்டுத மட்டும் காய்ச்சிப் பால்மாவு கரை” என்று சொன்னதும் அவள்தான்.

வீட்டில் கோமு கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். “மதினி, உங்க மருமவன் உதட்டைப் பாருங்க. நாவப்பழம் களவாண்டு தின்னுருக்கான்!”

சித்ரலேகா பிள்ளையின் நகத்தைப் பார்த்தாள். அதுவும் நீலம். நைட்ரேட் பச்சைப்பிள்ளை ரத்தத்தில் ஏறினால் இப்படித்தான்.

“ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு கோமு. தண்ணியில உரம் இறங்கிருக்கு.”

அம்மையப்பன் எழுந்தார். “ஊரு முழுக்க நம்ம வயலைத்தான் கைகாட்டும். அங்கன போயி உரம் கிரம்னு வாயத் தொறக்காத தாயி.”

எஸ்.டி.டி. பூத் பக்கம் நின்ற ஆட்டோவில் முதலில் ஏறியவர் அவர்தான். பேரனுக்காகவா, அவள் வாய்க்குக் காவலாகவா? இரண்டும்தான் போலிருந்தது.

“என்ன தண்ணி குடுத்தீங்க?” என்றார் டாக்டர்.

“கிணத்துத் தண்ணி. நைட்ரேட் தொண்ணூத்திரெண்டு இருக்கு. சுண்டக் காய்ச்சச் சொன்னது நான்.”

“நல்லவேளை, சொன்னீங்க.” அவர் ஊசிக்கு எழுதிக் கொடுத்தார். நர்ஸ் பிள்ளையை உள்ளே தூக்கிப்போனாள், பின்னாலேயே கோமு.

“பிழைச்சுக்குவான். ஆமா, கிணத்துல இவ்வளவு எப்படி வந்துச்சு?”

மாமனாரின் மூச்சு அவள் தோளருகே நின்றது. தன் தப்பைச் சொன்ன வாய் அவர் தப்பைச் சொல்லத் திறக்கவில்லை. அந்தக் கிணற்றைத்தான் பக்கத்து வீடுகளும் இறைக்கின்றன. அந்த வீட்டுக்குத்தான் அவள் திரும்பவும் வேண்டும்.

“மழை” என்றாள்.

அம்மையப்பன் மூச்சை விட்டார். ஆசீர்வதிப்பதுபோல் அவள் தலையில் கைவைத்தார். அதை உதற அவளால் முடியவில்லை.