பாயின்ட் அஞ்சுதானே?

அன்றைக்குக் காலையில் மெடலுக்கு இரண்டு சங்கடங்கள். ஒன்று, ஜலதோஷத்தில் மூக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று, பெரிய கெமிஸ்ட் இல்லை. முதலாவதை ஆவி பிடித்துச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு மருந்து கிடையாது.

ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையம் அது. பெரிய கெமிஸ்ட் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டார். போகும்போது, "தங்கப் பதக்கம் வாங்கின பொண்ணு, உனக்கு நான் வேற சொல்லித் தரணுமா?" என்று சிரித்துவிட்டுப் போனார். இந்நேரம் அவருக்கு மயக்க ஊசி போட்டிருப்பார்கள். கொடுத்துவைத்த மனுஷர் என்று மெடல் நினைத்துக்கொண்டாள்.

அங்கே புதிதாகச் சேர்ந்த சின்ன கெமிஸ்ட் அவள். மெடல் என்பது அவள் பெயர் அல்ல. பதக்கம் வாங்கியவள் என்று தெரிந்த நாளிலிருந்து நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மெச்சி வைத்தார்களா, நக்கலுக்கு வைத்தார்களா என்று அவளுக்கு இதுவரை பிடிபடவில்லை.

காலையில் செய்யவேண்டிய சோதனை என்னவோ சின்னப்பிள்ளை வேலைதான். தொட்டித் தண்ணீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மாத்திரை ஒன்றைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். குளோரின் கூடக்கூடச் சிவப்பும் கூடும். அதை அட்டையில் அச்சடித்த சிவப்புகளோடு ஒத்துப் பார்த்து அளவைச் சொல்ல வேண்டும். பாயின்ட் அஞ்சு, அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம், என்றால் சரி. கீழே பம்ப் அறையிலிருந்து ஆபரேட்டர் அண்ணன் போன் செய்வார். "பாயின்ட் அஞ்சுதானே?" என்பார். மேலே இருப்பவர் "ஆமா" என்பார். அவர் போய் வால்வைத் திறப்பார், ஊர் குளிக்கும், குடிக்கும். "எவ்வளவு?" என்று அவர் கேட்டதே கிடையாது. எண்ணைத் தானே சொல்லிவிடுவார். பல வருஷப் பழக்கம், யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

திறந்த தண்ணீர் முதலில் போய்ச் சேருவது மெடலின் அப்பா கடை இருக்கும் தெருவுக்கு. அவர் தையல்காரர். கடைவாசல் குழாயில் முதல் டம்ளரைப் பிடித்து, அங்கேயே நின்று மடமடவென்று குடித்துவிட்டு, குடத்தோடு நிற்பவர்களைப் பார்த்து, "என் பொண்ணு பார்த்து விட்ட தண்ணி" என்பார். மகள் சேர்ந்த பிறகு தண்ணீருக்கு ருசியே கூடிவிட்டது என்றும் சொல்வார். அது புளுகு என்று கேட்பவர்களுக்கும் தெரியும். பெண்ணைப் பெற்ற பெருமை, விட்டுவிடுவார்கள்.

மெடல் மாத்திரையைப் போட்டாள். மூடியைத் திருகினாள். குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

இன்னொரு மாத்திரை, இன்னொரு குழாய். அதுவும் அப்படியே. பழைய மாத்திரையாக இருக்கும் என்று புது மாத்திரைப் பட்டையைப் பிரித்து ஒன்றைப் போட்டாள். சிவப்பின் வாடைகூட இல்லை. 'நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன்' என்று நினைத்தாள். சோதனை ஒன்று சொல்லி, வரவேண்டிய விடை வேறாக இருந்தால் தப்பு தன்னுடையது. கல்லூரி அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது.

அந்தக் கல்லூரியின் லட்சணத்தையும் சொல்லத்தான் வேண்டும். செய்முறைத் தேர்வில் எந்த பாட்டிலுக்கு என்ன விடை என்று மாணவர்களுக்கு முன்னாடியே தெரியும். சீனியர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள், அவர்களுக்கு அவர்களுடைய சீனியர்கள். விடையிலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, பியூரெட் என்ற அளவுக்குழாயில் திரவம் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று கண்டுபிடித்து, அந்தக் கோட்டில் நிறுத்துவார்கள். நிறம் மாறியதா என்று பார்த்து நேரத்தை வீணாக்கியவர்கள் ஒன்றிரண்டு அப்பாவிகள்தான், அவர்களுக்கு மார்க் குறைந்தது. அந்தக் கோட்டில் நிறுத்துவதில் மெடலின் கை வெண்ணெயில் இறங்கும் கத்தி. பதக்கம் அந்தக் கைக்குக் கிடைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவள் கற்றதில் சுரைக்காயே இல்லை, ஏடு மட்டும்தான்.

இது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்பதுபோல ரொம்ப நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். என்றைக்காவது ஒருநாள் யாராவது வந்து, "நிஜமாவே ஒண்ணு செஞ்சு காட்டு" என்று கேட்பார்கள் என்ற பயம். அந்த நாள் வந்துவிட்டது.

போன் அடித்தது.

"மெடலம்மா, பாயின்ட் அஞ்சுதானே?"

"ஆமா" என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். அவள் கண்முன்னால் அப்பாவின் டம்ளர் வந்து நின்றது.

"அண்ணே, ஒரு நிமிஷம். ஒருவேளை... பூஜ்யம்னு வந்தா என்ன செய்வீங்க?"

"பூஜ்யமா? குளோரின் பத்தலன்னு அர்த்தம். கேஸை இன்னும் நல்லாத் திறந்து விட்டுருவேன். ஏன், பூஜ்யமா வருது?"

"தெரியல அண்ணே. திரும்பப் பார்க்கிறேன்."

"சீக்கிரம் பாரு தாயி. ஊரே குடத்தோட நிக்கும். எனக்கு வேற விடிஞ்சதிலிருந்து கண்ணு ரெண்டும் எரியுது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல."

போனை வைத்தாள். பாயின்ட் அஞ்சு என்றால் பொய். பூஜ்யம் என்றால் உண்மை, கண்ணால் பார்த்த உண்மை. சொல்லிவிட்டால் அண்ணன் கேஸைத் திறப்பார், தொட்டி சரியாகிவிடும். சொல்ல வேண்டியதுதானே? ஆனால் ஏதோ ஒன்று அவளைப் பிடித்து இழுத்தது. முதல் மாத்திரையைப் போட்டபோது மூடியைத் திருகக் குனிந்தாள் இல்லையா, அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் குழாய்க்குள் ஒரு சிவப்பு தெரிந்த மாதிரி இருந்தது. பிரமை என்று விட்டுவிட்டாள்.

இந்த முறை மூடியைத் தொடவில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டு, குழாயை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட விடாமல் பார்த்தாள்.

மாத்திரையைச் சுற்றிச் சுருக்கென்று ஒரு சிவப்பு கிளம்பியது. நல்ல அடர்த்தியான சிவப்பு. அடுத்த நொடியே அதைக் காணவில்லை.

இதை அவள் முன்னாடியே பார்த்திருக்கிறாள். இரண்டாம் வருஷத்தில் ஒரு வகுப்பு. வேறு ஏதோ சோதனை, வேறு சாயம். நிறம் வந்த வேகத்தில் போய்விட்டது. "மிஸ், கலர் வந்துட்டு ஏன் மிஸ் போயிடுச்சு?" என்று எழுந்து கேட்டாள். பேராசிரியை கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, "பரீட்சைல இது வருமா? வராதுல்ல? உக்காரு," என்றார். வகுப்பே சிரித்தது. பக்கத்துப் பெஞ்ச் தோழி தொடையில் கிள்ளி, "உனக்கு மட்டும் ஏன்டி இதெல்லாம் தோணுது?" என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றினாலும் உட்கார்ந்தே இருந்தாள். பதக்கம் வாங்க அதுதான் வழி.

இப்போது உட்கார்ந்து பயனில்லை. நிறம் ஏன் போயிற்று? எது நிறத்தைப் போக்கும்?

விடை அவளிடமே இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனையோ தேர்வுகளில் இரண்டு மார்க்குக்காக எழுதித் தள்ளிய வரி. 'குளோரின் ஒரு சிறந்த வெளுப்பான்.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அந்த வரிக்கு உலகத்தில் ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. குளோரின் கொஞ்சமாக இருந்தால் மாத்திரையைச் சிவப்பாக்கும். அளவுக்கு மிஞ்சிப் போனால், தான் உண்டாக்கிய சிவப்பைத் தானே வெளுத்துவிடும்.

அப்படியென்றால் இது பூஜ்யம் இல்லை. அட்டையே காட்ட முடியாத அளவு.

அண்ணனுக்குக் கண் எரிவது தூக்கமில்லாமல் இல்லை. தன் மூக்கு அடைத்திராவிட்டால் குளோரின் நெடியே காட்டிக்கொடுத்திருக்கும்.

இதுவும் தன் கற்பனையாக இருந்துவிட்டால்? புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிறுக்கி ஊர்த் தண்ணீரை நிறுத்திவிட்டாள் என்று சிரிக்கமாட்டார்களா? உறுதி செய்ய வேண்டும். எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் படித்த ஞாபகம் இல்லை. அவளாகத்தான் யோசித்தாள். நீர்க்க வைத்தால் வெளுக்கும் சக்தி குறையும், சிவப்பு நிற்க வேண்டும். குழாய் நிறையக் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சமே கொஞ்சம் அதில் சேர்த்தாள். மாத்திரையைப் போட்டாள்.

சிவப்பு வந்தது. போகவில்லை. இவ்வளவு நீர்த்தும் அட்டையின் கடைசிச் சிவப்பைத் தாண்டி நின்றது.

போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மௌனம் சம்மதம். இத்தனை வருஷத்தில் மேலேயிருந்து "ஆமா"வைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை. மனுஷர் வால்வுக்குப் போய்விட்டார்.

படிகளில் ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, கிடக்கட்டும் என்று ஓடினாள். பம்ப் இரைச்சலில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்த வால்வுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மூடுங்க அண்ணே! மூடுங்க!"

"என்ன தாயி? பூஜ்யமா?"

"பூஜ்யம் இல்ல! ரொம்ப ஜாஸ்தி! அளக்கவே முடியாத அளவுக்கு ஜாஸ்தி! உங்க கண்ணு அதனாலதான் எரியுது!"

அவர் ஒரு வினாடி அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு வேறொன்றும் கேட்காமல் சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கினார். அவளும் கூடத் தொங்கிக்கொண்டு சுற்றினாள். வால்வு மூடியதும், குழாய்க்குள் போய்விட்ட தண்ணீரை வெளியேற்றும் வடிகால் வால்வைத் திறந்துவிட்டார். முகமூடியை மாட்டிக்கொண்டு குளோரின் அறைக்குப் போய்விட்டு வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ராத்திரி புது சிலிண்டர் மாத்தினோம். அளவு காட்டுற குண்டு உச்சியில போய் ஒட்டிக்கிட்டு நிக்குது. கேஸை அடக்குற ரெகுலேட்டர் பிடிக்கல." சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பூஜ்யம்னு நீ சொல்லியிருந்தா அதுக்கு மேலயும் திறந்திருப்பேன்."

மெடல் அதைக் காதில் வாங்கவில்லை. "எவ்வளவு தண்ணி போயிருக்கும் அண்ணே? முதல் தெருவுக்குப் போயிருக்குமா?"

"வடிகால்ல திரும்பிடும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் போனைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போகிறவர். மறுபடி செய்தாள். 'குடிக்காதேப்பா, குடிக்காதேப்பா' என்று அடிக்கும் போனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுகிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன்தான் துண்டை எடுத்து நீட்டினார்.

கடைசியில் போன் அங்கிருந்து வந்தது.

"ஏம்மா இத்தனை தடவை அடிச்சிருக்கே?" என்றார் அப்பா. பின்னால் குடங்கள் மோதும் சத்தமும் யாரோ திட்டும் சத்தமும் கேட்டன. "இங்க தண்ணியே வரல. குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்துதான் வருது. சனம் என்னைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குது."

"ஒரு சொட்டுகூட வரலையா? நீ குடிக்கலையே?"

"வந்தாத்தானே குடிக்க? உங்க ஆபீஸ்ல என்ன கோளாறு?"

"நான்தான்பா நிறுத்தச் சொன்னேன். தண்ணி சரியில்ல. இனிமே வந்தாலும் நான் சொல்றவரைக்கும் யாரும் தொடக்கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லிடு."

இத்தனை பேர் முன்னால் மானம் போகிறதே என்று அப்பா கோபப்படப்போகிறார் என்று அவள் பயந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நீயே பார்த்தியாம்மா?"

எத்தனையோ தேர்வுகளில் எத்தனையோ பேர் அவளைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"நானே பார்த்தேன்பா."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, குழாயடி முழுக்கக் கேட்கும்படி அவர் சத்தம் போட்டது அவளுக்குக் கேட்டது.

"யாரும் கத்தாதீங்கய்யா! இது என் பொண்ணு பார்த்து நிறுத்தின தண்ணி!"